சித்திரை மாதத்து ஸ்வெட்டர்

விழுப்புரத்தில், கரண்ட் போன மத்தியானத்தில், பெண் பார்க்க வந்த அரங்கநாதன் கம்பளி ஸ்வெட்டரோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஊட்டிப் பனியில் பாடும் சினிமாக் கதாநாயகன் போட்டிருந்ததைப் பார்த்துத் திண்டிவனத்தில் பின்னச் சொன்னது. சால்வையை மடித்துப் போட்டது மாதிரி காலர் மார்புவரை தடிப்பாக இறங்குகிறது. அதற்குள்ளே இரண்டு சட்டைகள். அவற்றுக்கும் உள்ளே, டி.பி. தின்று மிச்சம் வைத்த விலா எலும்புகள். இருமலை விழுங்கி விழுங்கி அவன் கண் சிவந்திருக்கிறது.

“தம்பி, இந்த வெயில்ல எதுக்கு அது? கயட்டிட்டு சவுரியமா குந்துங்க” என்கிறார் பெண்ணின் அப்பா பச்சைமுத்து.

“பேஷனுங்க. சினிமாவுல பாத்ததுலேர்ந்து இத்தயே போட்டுக்கினு திரியறான்” என்று சிரிக்கிறாள் அவனுடைய அக்கா தையல்நாயகி. அவள் கைக்குள் முந்தானை நுனி கசங்கித் திரியாகிவிட்டது.

“நம்ம வூடுதான், கயட்டுங்க” என்கிறார் பச்சைமுத்து மறுபடியும்.

அரங்கநாதனின் விரல் முதல் பொத்தானுக்குப் போகிறது. அப்போதுதான் பெண் கெங்கா காப்பித் தட்டோடு குனிகிறாள். இந்தப் புழுக்கத்திலும் அவள் ரவிக்கையின் கை மணிக்கட்டுவரை நீண்டிருக்கிறது. குனிந்ததில் அது மேலே ஏறி, உள்ளே வெளுத்துப் படர்ந்த தோல் தெரிகிறது. அவன் பார்ப்பதை அவள் பார்க்கிறாள். இரண்டு கையிலும் தட்டு, இழுத்துவிட முடியவில்லை.

“இருக்கட்டும்பா” என்கிறாள் அப்பாவிடம். “அது அவருக்கு நல்லாத்தான் இருக்குது.”

அவன் பொத்தானை விட்டுவிட்டு, தட்டை மொத்தமாகத் தன் கையில் வாங்கிக்கொள்கிறான். அவள் ரவிக்கையின் கையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.