குரலுக்கு முதலிடம்

அக்காவை எழுப்பிவிட்டு அவள் நாற்காலியில் தம்பி உட்கார்ந்தபோது மணி பத்தரை. பதினொன்றுக்கு அவளுக்கு வீடியோவில் நேர்காணல்.

பெரிய கட்டட நிறுவனம். வீடுகளுக்கு வரைபடம் போடும் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆறு வருடமாக அடுத்தவர் கையெழுத்துப் போட்டுக்கொள்ளும் வரைபடங்களை வரைந்து கொடுத்து அக்காவுக்கு அலுத்துவிட்டது.

போன மாதம் இதே மாதிரி ஒரு நேர்காணல் பாதியில் திக்கித் திணறி நின்றது. பிறகு சொல்கிறோம் என்றார்கள், சொல்லவே இல்லை. இந்த முறையும் அப்படி ஆனால் இந்தத் தொழிலுக்கே ஒரு கும்பிடு என்று அவள் இரண்டு நாளாக வீட்டை மிரட்டிக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு நெட்வொர்க் வேலை. ஊரில் உள்ள அலுவலகக் கணினிகளையெல்லாம் சீராக்குவான், வீட்டில் மட்டும் ஒரு ஒயரைத் தொட மாட்டான். இன்று அவனே வலிய வந்து உட்கார்ந்ததில் அம்மாவுக்குக் கொஞ்சம் சந்தேகம்கூட வந்தது.

கோளாறைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஐந்து நிமிடம் போதும். அக்காவின் கணினி அவள் வரைந்தவற்றையெல்லாம் ஓயாமல் இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கோப்பும் யானைக் கனம். வீடியோ அழைப்பு அவற்றுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு முழித்தது.

ஏற்றுவதை நிறுத்தவும் வழியில்லை. நேர்காணலின் நடுவே அவர்கள் கேட்கக் கேட்க வரைபடங்களை அனுப்பியாக வேண்டும்.

கணினியை இணையத்தோடு இணைக்கும் நெட்வொர்க் அடாப்டரின் அமைப்புகளைத் திறந்தான். எது முதலில் வெளியே போகலாம், எது காத்திருக்க வேண்டும் என்று தரம் பிரிக்கும் வசதி அங்கே அணைந்து கிடந்தது. வீட்டில் ஒரே குளியலறை இருந்தால் யார் முதலில் என்று வரிசை வைப்போமே, அதே சமாச்சாரம்தான். அதை இயக்கினான்.

பிறகு அவன் கை தானாகவே ஓடியது. போன வாரம்தான், போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் ஒரு கம்பெனியில் நாற்பது கணினிகளுக்கு இதையே செய்துவிட்டு வந்திருந்தான். முகம் மங்கினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது, குரல் உடைந்தால்தான் வியாபாரம் போச்சு என்பது அவன் தொழிலின் அரிச்சுவடி.

குரலுக்கு இருப்பதிலேயே உயர்ந்த முன்னுரிமை எண்ணைக் கொடுத்தான். வீடியோவைக் கோப்புகளோடு சேர்த்துக் கடைசியில் தள்ளினான்.

அக்கா பின்னால் நின்று புதுச் சட்டையின் கைப்பட்டனைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். ஒயரைச் சரிபார்க்க அவன் மேஜைக்கு அடியில் புகுந்தபோது பேசாமல் காத்திருந்தாள். அவன் தலை வெளியே வந்த பிறகுதான் ஆச்சா என்று கேட்டாள்.

ஆச்சு, இனி ராஜபாட்டைதான் என்று தம்பி மார்தட்டிக்கொண்டான்.

எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அம்மாவின் போனுக்கு அழைத்தார்கள். அம்மா போனோடு சமையலறைக்குப் போனாள். அக்கா கேமராவின் முன்னால் உட்கார்ந்து, நேர்காணலில் சொல்லப்போவதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். தம்பி வேண்டுமென்றே பத்து வரைபடங்களை ஒரே நேரத்தில் ஏற்றிவிட்டான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா போனை நீட்டிப் பிடித்தபடி திரும்பி வந்தாள்.

“ஃபேன் சுத்துற சத்தம்கூடக் கணீர்னு கேக்குதுடா. இவதான் கையைத் தூக்கினபடி சிலையா நிக்கிறா.”

தம்பி போனை வாங்கிப் பார்த்தான். அதில் அக்காவின் இரண்டு கைகளும் பாதி வார்த்தையில் நின்றிருந்தன.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேசுவதெல்லாம் கைகளால்தான். வாயைத் திறந்து பேசுவதற்கு முன்பே தம்பி அவளோடு கையால் சண்டை போடக் கற்றுக்கொண்டவன்.

அப்படிப்பட்டவன் மாங்கு மாங்கென்று உழைத்து, அந்த அறையின் ஃபேனுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்திருந்தான்.

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்க்காமலே வரிசையைத் தலைகீழாக மாற்றினான். வீடியோ உச்சிக்குப் போனது, குரல் அடிமட்டத்துக்கு வந்தது. அவன் நாற்காலியை விட்டு எழுந்தபோது மணி பத்து ஐம்பத்தெட்டு.

பதினொரு மணிக்குத் திரையில் நான்கு முகங்கள் வந்தன. மூன்று பேர் கேள்வி கேட்க, நான்காமவர் அக்காவின் கைகளைப் படித்து அவர்களுக்குச் சொல்ல.

தம்பி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வரைபடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நாற்பது நிமிடத்தில் ஒருவர்கூட அவளைத் திரும்பச் சொல்லும்படி கேட்கவில்லை. திங்கட்கிழமையே சேர முடியுமா என்றுதான் கடைசியில் கேட்டார்கள்.

திரை அணைந்ததும் மன்னிப்புக் கேட்க அவன் கைகளைத் தூக்கினான். அக்கா அந்த இரண்டு கைகளையும் பிடித்து இறக்கிவிட்டாள். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு தன் கைகளால் நிதானமாகச் சொன்னாள்.

“என்னைப் பாக்குற எல்லாருக்கும் முதல்ல என் காதுதான் ஞாபகம் வருது. அதை மறந்துட்டு என்னை மட்டும் நினைச்சவன் நீ ஒருத்தன்தான்டா.”