யோங் பெங்காரர்கள் போட்ட மாலை

"பதினஞ்சு வருஷம் கோல் கம்பத்துக்கு முன்னால செவுரு மாதிரி நின்னேன். இந்த ஜனங்களுக்கு நன்றிங்கிறதே கிடையாது," என்று வேட்டியை உதறிக் கட்டினார் மருதப்பன்.

பந்து விளையாடுவதற்காகவே பெக்கோக் ரப்பர் தோட்டத்துத் துரை வேலை கொடுத்து வைத்திருந்த 'பேக்' எனும் தடுப்பு ஆட்டக்காரர் அவர். முட்டி போனதும் துரை புல்வெட்டு வேலைக்கு விரட்டிவிட்டார். தோட்டத்து ஜனங்களோ அவர் எதிரே வந்தால் காறித் துப்பினார்கள்.

"பக்கத்துத் தோட்டத்து யோங் பெங்காரங்க எதுக்கு உங்களைக் கூப்பிட்டு மாலை போடுறாங்கன்னு யோசிச்சீங்களா?" என்றாள் மனைவி சின்னக்கண்ணு.

"என் அருமை எதிராளிக்குத்தான் தெரியுது. இங்க இருக்கிறதெல்லாம் சாக்கடை."

யோங் பெங் தோட்டத்துத் திடலில் தப்பு மேளம் முழங்க, கழுத்து நிறைய மாலை விழுந்தது. மருதப்பனுக்குக் கண் கலங்கியது. சொந்தத் தோட்டத்து முகங்களை நினைத்தபோது குமட்டியது.

பெரிய கங்காணி பேச எழுந்தார்.

"நம்ம தோட்டத்துல இருக்கிறது ஒரே கப்பு. முப்பத்தி நாலாம் வருஷத் தீபாவளிக்கு பெக்கோக்கை ஜெயிச்சு வாங்கினது. அன்னிக்கு நம்ம பசங்க ஒருத்தனும் கோல் அடிக்கல."

மருதப்பனுக்கு வியர்த்தது.

"பெக்கோக் கோலுக்குள்ளயே பந்தை அடிச்சு, கப்பை நமக்கு வாங்கிக் கொடுத்தது இந்த ஐயாதான்."

கங்காணி கிண்டல் செய்யவில்லை. மனசாரக் கும்பிட்டார். கூட்டமும் மனசாரக் கைதட்டியது.

மாலையைப் பிய்த்தெறிய மருதப்பன் கையைத் தூக்கினார். அந்தக் கையில் கப்பைத் திணித்தார் கங்காணி.

"கொஞ்சம் சிரிங்கய்யா. குளுவாங் டவுன்லேருந்து போட்டோக்காரர் வந்திருக்காரு."