நைனா, மணி இன்னா?

"வெளக்கு வெக்கிற நேரத்துல மனுசன் தெருவுல நாலு பேரு மூஞ்சியப் பாக்கணும். இல்லாட்டி…" என்று அம்மா சொல்வாள். இல்லாட்டி என்ன ஆகும் என்பது யூஜினுக்கு மறந்துவிட்டது.

பத்தொன்பது வருடம் கனடாவில் இருந்துவிட்டு, போன வாரம்தான் பூந்தமல்லி திரும்பியிருந்தான். அம்மா இல்லை. அப்பா கிறிஸ்துராஜுக்கு மறதி. நாளைக் காலை அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு.

மாலை ஐந்தே கால். வெயில் பழைய மசூதிச் சுவரில் ஏறி மஞ்சளாகிவிட்டது. போண்டா வாசனையும் மல்லி வாசனையும் கலந்தடித்தன. அப்பா முகத்துக்குப் பவுடர் போட்டு, இஸ்திரிச் சட்டையும் கைக்கடிகாரமுமாக வீட்டு கேட் அருகே நின்றார்.

எதிர்க் கடை நஜ்மா கரண்டியோடு கத்தினாள். "நைனா, மணி இன்னா?"

"அஞ்சு பதினேழும்மா."

அவள் தலைக்கு மேலேயே ஒரு கடிகாரம் தொங்கியது.

கொஞ்ச நேரத்தில், பூக்கட்டும் பொன்னியம்மா. "மணி இன்னா நைனா?"

"அஞ்சு இருபத்தாறு. இன்னைக்கு நீ லேட்டு!"

"மெமோ குடுத்துடாத நைனா!"

தெருவே சிரித்தது.

அடுத்து, செல்போன் கடை சமீர். "மணி எவ்ளோ நைனா?"

ஒரு வாரமாக இதே கூத்து. யூஜினுக்குப் பொறுக்கவில்லை. விடுவிடுவென்று அந்தக் கடைக்குள் போனான்.

"கடை பூரா போனை வெச்சிக்கிட்டு அவர்கிட்ட மணி கேக்கறீங்களா? மறதிக்காரர்னா உங்களுக்கெல்லாம் விளையாட்டா?"

"கத்தாதீங்கண்ணா, அவரு காதுல வுழும்."

"விழட்டும்!"

சமீர் குரலைத் தாழ்த்தினான். "பஸ் டிப்போல டைம் கீப்பரா இருந்தவரு இல்லியா? சாயங்காலம் ஆனா டூட்டிக்கு லேட்டாச்சுன்னு கெளம்பிடுவாரு. ஒரு நாள் ஆளையே காணோம். தெருவே தேடிச்சு. வேலப்பன்சாவடில, ஹைவே நடுவுல நின்னுகினு லாரிங்களுக்கு டைம் சொல்லிகினு இருந்தாரு."

யூஜின் திரும்பி, கேட் அருகே நின்ற அப்பாவைப் பார்த்தான்.

"யாராச்சும் மணி கேட்டுகினே இருந்தா நகர மாட்டாரு. டூட்டில கீறதா நெனப்பு. ஏழு அடிச்சா, டூட்டி முடிஞ்சிச்சுன்னு அவரே உள்ள போயிடுவாரு. அதான் ஆளுக்கொரு நேரம் பிரிச்சிகினோம்."

கல்லாவுக்கு மேல் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. 5.15 நஜ்மா. 5.25 பொன்னியம்மா. 5.35 சமீர். இப்படியே ஏழு வரை. 6.05-க்கு எதிரே மட்டும் ஒரு பெயர் அடிக்கப்பட்டிருந்தது.

"மணவாளன் சார். ஐயப்பன்தாங்கலுக்கு ஊடு மாத்திகினு போயிட்டாரு." சமீர் தயங்கினான். "நாளைக்கு நைனாவ இட்டுகினு போறீங்களாமே… அட்டைய எடுத்துடட்டாண்ணா?"

வெளியே யாரோ கேட்டார்கள். "அஞ்சு நாப்பத்தஞ்சு!" அப்பாவின் குரல் கணீரென்று வந்தது.

யூஜின் பேனாவை வாங்கி, 6.05-க்கு எதிரே தன் பெயரை எழுதினான்.