கட்டிய வேலை ஒன்று

பந்தல்குடியில் காளிராஜ் மாமா கட்டும் வீட்டுக்கு எதிரே நின்று செல்போனைத் தூக்கினேன்.

நான் வரைந்த வீடு. அப்படித்தான் நம்பிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பி.ஆர்க் முடித்தாயிற்று. மேலே படிக்க என்னிடம் மூன்று வழிகள் இருந்தன. மூன்றுக்கும் மாமாவிடம் பதில் இருந்தது.

நகரத் திட்டமிடல் என்றேன். முதலில் நகரத்தைக் காட்டு என்றார்.

தோட்டம், பூங்கா வடிவமைக்கும் படிப்பு என்றேன். சீமைக்கருவேலம் யாரிடம் கேட்டு முளைக்கிறது என்றார்.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் படிப்பு என்றேன். தாத்தா வீட்டை இடித்த பொக்லைன்காரரின் நம்பரை எனக்கு அனுப்பி வைத்தார்.

எந்தப் படிப்பானாலும் கல்லூரிகள் கேட்டது ஒன்றைத்தான்: நீ வரைந்து, கட்டி எழுந்த வேலை ஒன்றின் படம்.

விண்ணப்பிக்க நாளையோடு கடைசி. என்னிடம் இருந்தது இந்த ஒரு வீடு. இது இல்லையென்றால் இந்த வருடம் போயிற்று.

வேலை முடியும்வரை ஆர்க்கிடெக்ட் சைட்டிலேயே நிற்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே மாமாவிடம் மன்றாடியிருந்தேன்.

"வெயில்ல கருத்துருவ மாப்ள, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்.

இப்போது பார்க்கிறேன். நடுமுற்றத்துக்கு மேல் தகரம். லாரிப் புழுதி விழுமாம். மேற்கு வெயிலுக்கு அஞ்சி நான் ஜன்னலே வைக்காத சுவரில் மூன்று ஜன்னல்கள். வாசலை வாஸ்துக்காரர் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்.

மிச்சமிருந்த ஒரு மூலையையாவது எடுக்கலாம் என்றால், மாடிச் சாரத்தில் கட்டியிருந்த திருஷ்டி பொம்மை குறுக்கே விழுந்தது. இடம் மாறி நின்றேன். அங்கேயும் விழுந்தது.

வைக்கோல் உடம்பு, சட்டித் தலை, எனக்கு இன்னும் வராத மீசை. கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

போனில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நீல டீ-சர்ட். நெஞ்சில் பெரிய எழுத்தில் 'ஆர்க்கிடெக்ட்'. கடைசி வருடம் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து அடித்தது. துவைக்கப் போட்டிருக்கிறேன் என்று அம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"சைட்லயே நிக்கணும்னு நீதானல சொன்ன?"

பொம்மையை மட்டும் படம் எடுத்தேன்.

அந்த வீட்டில் என்னுடையது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய அது ஒன்றுதான் இருந்தது.