நாலரை

கண்ணை அளக்கும் கருவிக்குள் தெரிந்த ஒளிவட்டம் நசுங்கிய முட்டை போல இருந்தது. பர்வீன் மறுபடியும் அளந்தாள். வளைவு அதே நாலரை. புரை எடுக்க விழியோரம் கீறினால் கருவிழி கொஞ்சம் வளையும். காயம் ஆற ஆற அந்த வளைவு குறையும்; கூடினால் ஒன்று இரண்டாகத் தெரியும். புரை ஆபரேசன் ஆன பெருமாயிக்குப் போன வாரம் ஒன்றுதான் இருந்தது. இன்றைக்கு வெள்ளைவிழியில் ரத்தமும் கட்டியிருந்தது. "அடிபட்டுச்சாம்மா?" "குழாயடியில வழுக்கிட்டேன்." இமையைத் தூக்கிப் பார்க்க பர்வீன் கையை உயர்த்தினாள். பெருமாயி சட்டென்று பின்னால் நகர்ந்து இரண்டு முழங்கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள். கையெல்லாம் விரல் தடம் விரல் தடமாக நீலம். வெளியே பெஞ்சில் அவளுடைய கறுப்புக் கண்ணாடியைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்த புருஷன் வீரணன், "இன்னும் எம்புட்டு நேரம்?" என்றான். குரல் கேட்டதும் அவள் தலை தானாகக் குனிந்தது. பர்வீன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "ஆபரேசன் பண்ணின கண்ணுலயேவா அடிக்கிறாரு?" பெருமாயி கைகளை இறக்கினாள். "கண்ணு தெரியாதப்ப மூச்சுச் சத்தத்தை வச்சே விலகிருவேன் தாயி. இப்ப அந்த மனுசன் ஓங்குறப்ப ரெண்டு கை தெரியுது. முந்தாநாளு எடது கைப்பக்கம் வந்ததுக்கு விலகுனேன். அது பொய்க் கை." சொல்லிவிட்டு மறுபடியும் தாடையைக் கருவியில் வைத்தாள். நெற்றியைப் பட்டையில் அழுத்தி, விளக்கை இமைக்காமல் பார்த்தாள். "நெசக் கை எதுன்னு மட்டும் அளந்து சொல்லு."