முதல் மாத்திரை

காரின் பின்சீட்டில் ஊதா நிறக் கோட் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மார்சிக்கு நம்பவே முடியவில்லை. கண்ணாடியில் இன்னொரு தடவை பார்த்தாள். குல்லா புருவம்வரை, மஃப்ளர் மூக்குவரை, கைகள் மடியில்.

ஜனவரி உறைபனியில் அமெரிக்காவின் டுலூத் நகரத்துப் பிள்ளைகள் எல்லாருமே மூட்டைகள்தான். ஆனால் மகள் டில்லி என்கிற இந்த மூட்டை ஏழு வருஷத்தில் ஒருநாளும் வைத்த இடத்தில் இருந்ததில்லை.

துறுதுறுப்பை அடக்க டாக்டர் எழுதிக்கொடுத்ததில் இன்று காலைதான் முதல் மாத்திரை.

"ஏழு வயசுல துள்ளாம எழுபது வயசுலயா துள்ளுவா?" என்று ஆரம்பத்திலிருந்தே முறைத்துக்கொண்டிருந்தான் புருஷன் டாரல். சாயங்காலத்துக்குள் வித்தியாசம் தெரியாவிட்டால் மாத்திரை டப்பா குப்பைக்குப் போகும் என்று பேச்சு. இப்படியே போனால் டில்லியை அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைப்பதாக டீச்சரும் சொல்லிவிட்டார். மார்சி ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

ஸ்பீக்கரில் கணவனைப் பிடித்தாள்.

"டாரல், கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலையே."

"அதைத்தான் சொல்றேன்! ஒண்ணுமே கேக்கலை பாரு!"

டாரல் கொஞ்ச நேரம் அந்த அமைதியைக் கேட்டான்.

"சீட்டை உதைக்கலையா?"

"ம்ஹூம்."

"பாட்டு?"

"மூச்!" என்றவள் பின்பக்கம் குரல் கொடுத்தாள். "செல்லம், பசிக்குதா?"

குல்லா மரியாதையாக இடமும் வலமும் ஆடியது.

"சரி, நீயே ஜெயிச்ச. நாளைக்கும் குடு" என்று டாரல் போனை வைத்தான். மார்சிக்கு சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

உடனே அடுத்த அழைப்பு. ஜோன். டில்லிக்குப் பக்கத்து இருக்கைக்காரி இங்க்ரிட்டின் அம்மா. வகுப்பிலேயே வாய் திறக்காத பிள்ளை இங்க்ரிட். அந்தப் பெருமையில் ஜோன் தரையில் நடப்பதில்லை.

இன்று அவள் குரல் நடுங்கியது.

"மார்சி, தப்பா நெனைக்காதீங்க. உங்க டாக்டர் நம்பர் குடுப்பீங்களா? ஸ்கூல்லேருந்து வர்ற வழியெல்லாம் இங்க்ரிட் என் சீட்டை உதைச்சு ஒருவழி பண்ணிட்டா. மஃப்ளரைக்கூடக் கழட்டாம கத்திப் பாடறா. இவளுக்கும் அதுதானோன்னு பயமா இருக்குங்க."

மார்சி பரிதாபப்பட்டாள். பரிதாபம் ஒரு பங்கு, ஆனந்தம் மூன்று பங்கு.

"கவலையே படாதீங்க ஜோன். பெத்தவளுக்குத் தெரியாதா பிள்ளைக்கு என்னன்னு? வீட்டுக்குப் போனதும் நம்பர் அனுப்பறேன். ஒரே மாத்திரைதான். பிள்ளையே மாறிடும்!"

போனை வைத்துவிட்டு, பல வருஷங்களுக்குப் பிறகு மெல்ல விசிலடித்தாள்.

அப்போது பின்சீட்டிலிருந்து, யாரையும் தொந்தரவு செய்யப் பிடிக்காத ஒரு சன்னமான குரல் வந்தது.

"ஆன்ட்டி, எங்க வீடு தாண்டிப் போச்சு."

மார்சி பிரேக்கை மிதித்தாள். திரும்பினாள். மஃப்ளரைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு இங்க்ரிட் உட்கார்ந்திருந்தாள்.

"நானும் டில்லியும் கோட்டை மாத்திக்கிட்டோம், ஆன்ட்டி. நீங்க உடனே கண்டுபிடிச்சிருவீங்கன்னு அவ சொன்னா."