சீல் வைத்த மாடி

வானத்தில் பச்சை வெளிச்சம் ஒன்றைப் பார்த்ததாக நான் புகார் கொடுத்துப் பதினோரு மாதமாகியிருந்தது. அன்றே வான்பொருள் துறைக்காரர்கள் வந்து, நான் நின்று பார்த்த இடம் என்று எங்கள் மொட்டை மாடிக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். அப்பளம் போட்டுப் பிழைக்கிற குடும்பம் நாங்கள். கூடத்தில் ஃபேனுக்கு அடியில் காயவைத்ததில் பாதி பூசணம் பூத்துப் போனது.

ஒன்பதாவது தடவையாக வந்த ஆய்வாளர் கேட்டார்: "அன்னிக்கு வலது காலை முன்னால வச்சு நின்னீங்களா, இடது காலையா?"

"சார், வெளிச்சம் வானத்துல இருந்துச்சு. என் கால்ல இல்ல."

"ஃபார்ம்ல கேட்டிருக்கும்மா. வேணும்னா ஒண்ணு செய்யுங்க. எதையும் பார்க்கலன்னு எழுதிக் குடுங்க. இப்பவே சீலை எடுத்துடறேன்."

என் கணவர் சவரிமுத்து பேனாவை நீட்டினார். எழுதிக் கொடுத்தேன்.

உடனே மாடியெங்கும் பழைய வேட்டிகளை விரித்து அப்பளத்தைப் பரப்பினோம். பொழுது சாய்ந்ததும் அள்ளப் போனோம். தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே அதே பச்சை வெளிச்சம், இந்த முறை பேருந்து அளவுக்கு, அசையாமல் நின்றது. அப்பளமெல்லாம் பச்சையாகத் தெரிந்தது.

"செல்வி, மேல பாரு..." என்றார் அவர்.

"மேல ஒண்ணுமில்ல. குனிஞ்சு அள்ளுங்க."

அவர் குனிந்தார். பக்கத்து மாடிகளில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்களும் பச்சை முகங்களோடு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.